செய்யாற்று மணலில் ஸ்ரீகாந்த்

செய்யாற்றில் தண்ணீர் வந்தால் கலசப்பாக்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம், எங்கள் கூட்டத்தைத் தவிர. ஜவ்வாது மலையில் மழை பிடித்து, ஆறு செம்மண் கலங்கலாக இரு கரையும் தொட்டு ஓடும்போது பெரியவர்கள் கரையில் நின்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். கிணறு ஊறும், கரும்பு பிழைக்கும், இன்னொரு போகம் நெல் வைக்கலாம். நாங்களோ இந்தத் தண்ணீர் என்றைக்கு வடிந்து மணல் தெரியும் என்று பார்த்துக்கொண்டு நிற்போம். ஆறுதான் எங்களுக்கு சேப்பாக்கம். வருஷத்தில் பாதிக்கு மேல் அது வறண்டு கிடந்ததால்தான் எங்களூருக்குக் கிரிக்கெட் வந்தது.

நடு ஆற்றில் மணல் பொதபொதவென்று இருக்கும். பந்து விழுந்தால் விழுந்த இடத்திலேயே படுத்துக்கொள்ளும். கரையை ஒட்டி வண்டல் படிந்து இறுகிப்போன ஒரு திட்டு இருந்தது. அதுதான் பிட்ச். ஸ்டம்புக்குச் சவுக்குக் கழி. மட்டை, தச்சர் வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வேப்பம்பலகை. பிடியில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருப்போம். ஒரு பக்கம் பெண்கள் குடிதண்ணீருக்குத் தோண்டி வைத்த ஊற்றுக்குழிகள். அதில் பந்து விழுந்தால் வசவு நிச்சயம். இன்னொரு பக்கம் கரை, கரைக்கு மேலே கரும்புக் கொல்லை. மேற்கே பர்வதமலையின் முகடு, அதற்கும் பின்னால் நீலமாக ஜவ்வாது மலை.

அந்தக் கரும்புக் கொல்லைதான் எங்கள் ஆட்டத்தின் சட்டத்தையே எழுதியது. தூக்கி அடித்துப் பந்து கரும்புக்குள் போனால் சிக்ஸர் கிடையாது, அவுட். அடித்தவனே உள்ளே நுழைந்து தேடவேண்டும். சோகை முழங்கையிலும் கன்னத்திலும் கீறும். வியர்வை பட்டால் எரியும். கிடைக்காவிட்டால் அடுத்த பந்துக்கு அவன் வீட்டுக் காசு. ரப்பர் பந்து ஒன்று வாங்க ஐந்தாறு பேர் பாக்கெட்டைத் துழாவவேண்டிய காலம் அது. ஆகவே எங்களில் முக்கால்வாசிப் பேர் டொக்கு வைத்து ஆடும் கட்சி. பந்தைத் தரையோடு தட்டிவிட்டு ஒன்று, இரண்டு என்று ஓடுவோம். கவாஸ்கரின் பெயர் தெரியாதவன்கூட கவாஸ்கர் மாதிரிதான் ஆடினான், காசு கருதி.

மீதிப் பேர், இந்தியாவின் ஓப்பனர் ஸ்ரீகாந்தின் கட்சி. நானும் அதில்தான். எங்கள் முழங்கைகளைப் பார்த்தாலே யார் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம்.

என்னை அந்தக் கட்சியில் சேர்த்தவர் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. லைன்மேன் வேலை. கம்பத்தில் ஏறினால் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார், கையுறையை ஊதிப் பார்த்து ஓட்டை இல்லை என்று தெரிந்த பிறகுதான் மாட்டுவார், ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு மேலே போவார். அத்தனை ஜாக்கிரதையான மனிதருக்கு, கிரிக்கெட்டில் பிடித்தது முதல் பந்தையே மூச்சுப் பிடித்துச் சுழற்றுகிற ஆள். அதற்கு அவர் வைத்திருந்த காரணம் இன்னும் விசேஷம். ஸ்ரீகாந்த் கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் எலக்ட்ரிகல் படித்தவர். "கரண்ட் படிச்சவன்டா மாப்ள, நம்ம டிபார்ட்மெண்ட்டு ஆளு" என்பார். பந்து மட்டையில் பட்டுப் பறந்தால் "ஹை டென்ஷன்!" என்று கத்துவார். டக் அவுட் ஆனால், "ஃபியூஸு போச்சு" என்று ரேடியோவை அணைத்துவிடுவார். இரண்டும் ஏறக்குறைய சம அளவில் நடந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாமாவிடம் ஒரு பிலிப்ஸ் டிரான்சிஸ்டர் இருந்தது. துளைபோட்ட தோல் உறை, தோளில் மாட்டிக்கொள்ள வார். ஆங்கில வர்ணனையில் அவருக்குப் புரிந்தது ஆள் பெயரும் எண்களும் மட்டும்தான். இடைப்பட்டதையெல்லாம் அவரே கட்டிச் சொல்வார். "மார்ஷல் ஓடியாறான்... போட்டான்... ஸ்ரீகாந்த்து ஒரு காலை முட்டி போட்டு வெளாசினான் பாரு, பந்து போன வழியில புல்லு கருகிப்போச்சு" என்பார். புல் கருகியதை எந்த வர்ணனையாளரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஆனால் முட்டி போட்டு அடித்தது நிஜம். 1983 ஜூன் 25-ஆம் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆன்டி ராபர்ட்ஸின் பந்தை ஒற்றைக் காலை மடித்து ஸ்கொயரில் அறைந்த அந்த அடியைப் பிற்பாடு படத்தில் பார்த்தபோது, மாமா பந்து வீசியவரை மட்டும்தான் மாற்றியிருக்கிறார் என்று தெரிந்தது.

அந்த ஆட்டம் நடந்த அன்று எனக்கு ஒன்பது வயது. நம்மூர் நேரத்துக்குப் பிற்பகலில் தொடங்கி நடுநிசி வரை போனது. வாசலில் பாய் போட்டுப் படுத்திருந்த நான் பாதியிலேயே தூங்கிவிட்டேன். மாமா போட்ட கூச்சலில் தெருநாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன. ஆயா பதறிப்போய், "இன்னாடா, எங்கியாவது கரண்ட் அடிச்சிடுச்சா?" என்று விளக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். லைன்மேன் வீட்டில் ராத்திரி சத்தம் கேட்டால் வேறென்ன நினைப்பாள்?

மறுநாளிலிருந்து அந்த இறுதி ஆட்டத்தை மாமா சொல்லச் சொல்லிக் கேட்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு. கவாஸ்கர் 2 ரன்னில் போய்விட்டார். ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங் என்று நாலு பேர் மாற்றி மாற்றி வீசுகிறார்கள். அப்போதெல்லாம் ஓவருக்கு இத்தனை பவுன்சர்தான் என்று கணக்குக் கிடையாது. அங்கே ஸ்ரீகாந்த் 57 பந்தில் 38 ரன். ஏழு பவுண்டரி, ஒரு சிக்ஸர். இந்தியா மொத்தமே 183-தான், வெஸ்ட் இண்டீஸ் 140-க்குச் சுருண்டது. 38 என்பது ஒரு ரன்னா என்று இன்றைக்குப் பிள்ளைகள் கேட்கலாம். அந்த ஆட்டத்தில் இரண்டு பக்கத்து இருபத்திரண்டு பேரில் அதைவிட அதிகம் எடுத்தவர் யாரும் இல்லை. ரிச்சர்ட்ஸ் 33, அவ்வளவுதான்.

ஊரில் எல்லோரும் கபில்தேவ் பின்னோக்கி ஓடிப் பிடித்த கேட்சைப் பற்றிப் பேசியபோது, மாமா மட்டும் 38-ஐ விட்டுக்கொடுக்கவே மாட்டார். "43 ரன்னுல ஜெயிச்சோம். 38-ஐ எடுத்துட்டு மிச்சத்தைப் பாரு" என்பார். அந்த 38-ஐக் கழித்துப் பார்த்தாலும் ஐந்து ரன் மிச்சம் இருக்கிறதே என்று யாராவது வாயெடுத்தால் டீக்கடையில் சண்டைதான். அதே உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேக்கு எதிராக ஸ்ரீகாந்த் பூஜ்யத்தில் அவுட் ஆனதையும், கபில் 175 அடித்து அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியதையும் அவர் சொல்லவே மாட்டார். நானாகப் படித்துத் தெரிந்துகொண்டு கேட்டபோது, "கவாஸ்கருந்தான் அன்னிக்கு முட்டை. அவரை ஏன் கேக்கமாட்டேங்கிற?" என்றார்.

படித்துத் தெரிந்துகொண்டது சைக்கிள் கடையில். அந்தக் கடைக்காரர் திருவண்ணாமலைக்குச் சாமான் வாங்கப் போகும்போது பழைய ஸ்போர்ட்ஸ்டார் இதழ்களைக் கட்டாக வாங்கி வருவார். நடுப்பக்கப் படங்கள் கடைச்சுவரில் ஏறும். எண்ணெய்க் கை பட்டுக் கறுத்துப்போன ஸ்ரீகாந்த் படம் ஒன்று அங்கே பல வருஷம் இருந்தது. ஹெல்மெட், சுருண்ட முடி, எதையோ மறந்துவிட்டு வந்தவருடைய பார்வை. பஞ்சர் ஒட்டும் வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

அவருடைய சேஷ்டைகள் எங்களுக்கு மனப்பாடம். ஒரு பந்தை ஆடி முடித்ததும் ஸ்கொயர் லெக் பக்கம் கொஞ்ச தூரம் நடந்து போவார். சூரியனை அண்ணாந்து பார்ப்பார். மூக்கை உறிஞ்சுவார். மறுபடி வந்து நிற்பார், மறுபடி நடப்பார். ஆற்றில் எங்கள் கட்சி ஆட்கள் எல்லோரும் இதைச் செய்வோம். பர்வதமலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கும் சூரியனை ஒவ்வொரு பந்துக்கும் பார்த்தால் அடுத்த பந்து கண்ணுக்கு எங்கே தெரியும்? போல்டு ஆகிக்கொண்டே இருப்போம். இந்த நடைப் பழக்கம் அவரையே ஒருமுறை கவிழ்த்திருக்கிறது. 1981 நவம்பர் 25-ஆம் தேதி அகமதாபாத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் ஒருநாள் ஆட்டம். இரண்டே நாள் கழித்து பம்பாயில் முதல் டெஸ்ட். அந்த டெஸ்ட்டில் முதல் இன்னிங்ஸில் முட்டை. இரண்டாவதில், பந்தைத் தட்டிவிட்டு ஏதோ யோசனையில் கிரீஸை விட்டு நடந்து போனவரை எம்புரி ரன் அவுட் ஆக்கிவிட்டார். இந்தக் கதை எங்கள் கட்சிக்குத் தெரிந்த அன்று நாங்கள் வெட்கப்படவில்லை. எங்களைப் போல ஒரு ஆள் இந்தியாவுக்கு ஆடுகிறார் என்று பெருமைதான்.

1985 பிப்ரவரி-மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் போட்டி எங்கள் கட்சிக்குப் பொற்காலம். இறுதி ஆட்டம் மெல்போர்னில், பாகிஸ்தானோடு. அணியில் நம்மவர் இரண்டு பேர், ஸ்ரீகாந்தும் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனும். மியான்தாத் சிவாவின் பந்துக்கு இறங்கிவந்து ஸ்டம்பிங் ஆனார். பிறகு ஸ்ரீகாந்த் 67 எடுத்து ஆட்ட நாயகன். தொடர் முழுக்க நன்றாக ஆடிய ரவி சாஸ்திரிக்கு ஆடி கார் கிடைத்தது. அந்தக் காரின் மேல் இந்திய அணி முழுவதும் ஏறி உட்கார்ந்து மைதானத்தைச் சுற்றிய படம் சைக்கிள் கடைக்கு வந்தது. அதற்கு முன் ஆடி மாதம்தான் எங்களுக்குத் தெரியும்.

ஆனால் என் மனசில் இன்னும் ஈரமாக இருப்பது அதற்கடுத்த மார்கழி. 1986 ஜனவரி 2, சிட்னி டெஸ்ட். அங்கே ஆட்டம் தொடங்கும்போது நமக்கு விடியற்காலை ஐந்தரை. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. தெருவில் கோலம் போடும் பெண்கள், சாணியில் சொருகிய பூசணிப்பூ, முகத்தில் அறையும் மலைக்காற்று. ஜவ்வாது மலைக் காற்றுக்கு மார்கழியில் ஒரு கூர்மை உண்டு. போர்வையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும். மாமா திண்ணையில் தலையோடு முக்காடு போட்டு, டிரான்சிஸ்டரைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நான். சிற்றலையில் ஆஸ்திரேலிய வானொலி. சத்தம் நெருங்கி வரும், விலகிப் போகும், சில சமயம் நடுவில் ஒரு சீன பாஷைக்காரர் புகுந்துவிடுவார். ஏரியலை மாமா ஜன்னல் கம்பியோடு ஒயர் போட்டு இணைத்திருந்தார். அதற்குத்தானே லைன்மேன் வேலை.

கவாஸ்கரும் ஸ்ரீகாந்தும் இறங்கினார்கள். கவாஸ்கர் பெயர் எப்போதாவது கேட்டது. மற்றது எல்லாம் "ஸ்ரிகாந்த்... ஸ்ரிகாந்த்" என்று ஆஸ்திரேலியர்கள் ஒரு மாதிரி கடித்துச் சொன்ன பெயர்தான். ஆயா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மார்கழி மாசம் விடியக்காலையில சாமி பாட்டு கேக்காம இத இன்னாத்துக்குடா காதுல வெச்சினு கீற?" என்றாள். "சிட்னியில சாமி வந்துதும்மா ஆடினு கீது" என்றார் மாமா. முதல் விக்கெட் விழுந்தபோது ஸ்கோர் 191. அதில் 116 ஸ்ரீகாந்த் எடுத்தது, 117 பந்தில். கவாஸ்கர் அதன்பிறகு நிதானமாக 172 வரை போனார், அமர்நாத் 138, இந்தியா 4 விக்கெட்டுக்கு 600 அடித்து டிக்ளேர் செய்தது. ஆட்டம் டிராதான். யாருக்கு வேண்டும் முடிவு? ஸ்ரீகாந்தின் முதல் டெஸ்ட் சதத்தை, அவரே பந்தை அடித்துக் கேட்ட மாதிரி நாங்கள் கேட்டோம்.

அதே வாரம்தான் ஜவ்வாது மலையின் மறுபக்கம் காவலூருக்குப் பிரதமர் ராஜீவ் காந்தி வந்தார். ஜனவரி 6-ஆம் தேதி அந்த வான ஆராய்ச்சி நிலையத்துக்கு வைணு பாப்பு பெயரைச் சூட்டி, 2.3 மீட்டர் தொலைநோக்கியை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பள்ளியில் வாத்தியார் அதை விரிவாகச் சொன்னார், நம் மலையிலிருந்து நட்சத்திரத்தைப் பார்க்கப் போகிறார்கள் என்று. என் காதில் சிட்னி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

சேப்பாக்கத்தில் ஆட்டம் என்றால் மட்டும் எங்களுக்கு மாமாவின் மொழிபெயர்ப்பு தேவைப்படாது. சென்னை வானொலியில் தமிழ் வர்ணனை வரும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழைக் கேட்பதற்கென்றே, கிரிக்கெட் தெரியாத எங்கள் தமிழய்யா ரேடியோப் பெட்டி அருகே வந்து நிற்பார். பந்துவீச்சாளர் ஓடி வருவதும் மட்டையாளர் காத்து நிற்பதும் அந்தக் குரலில் தெருக்கூத்தில் வேஷம் கட்டி இறங்குவதுபோல இருக்கும். மாமாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். அவருடைய புல் கருகும் வேலைக்கு இடமில்லாமல் போய்விட்டது.

1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். காலாண்டுப் பரீட்சை நேரம். டீன் ஜோன்ஸ் சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தார். கபில் 119. கடைசி நாள், 22-ஆம் தேதி, இந்தியாவுக்கு இலக்கு 348. இந்தியா அதைத் துரத்தும் என்று முதலில் யாரும் நினைக்கவில்லை. ஸ்ரீகாந்த் அடித்து ஆடி 39 எடுத்துவிட்டுப் போனார், கவாஸ்கர் 90. சாயங்காலம் பள்ளி விட்டு வரும்போது டீக்கடை வாசலில் கூட்டம் ரோட்டை மறித்து நின்றது. திருவண்ணாமலை பஸ் டிரைவரே வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டார். மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. இந்தியா 347. கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப யார்தாம்பா ஜெயிச்சது?" என்று பஸ் டிரைவர் கேட்டார். டெஸ்ட் சரித்திரத்தில் அதுபோல இரண்டு பக்கமும் சமமாக ஆட்டம் முடிந்தது அதற்கு முன் 1960-இல் பிரிஸ்பேனில் ஒரே ஒரு முறை. அதைச் சொல்லி விளக்கக் கூட்டத்தில் ஒரு ஆளும் இல்லை. மாமா பொதுவாக, "ரெண்டு லைனும் ட்ரிப் ஆயிடுச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். பஸ் கிளம்பியது.

ரதசப்தமிக்கு எங்கள் மைதானம் கைமாறிவிடும். தை மாசத்தில் அந்த ஒரு நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் கலசப்பாக்கம் வருவார். எங்களூர் திருமாமுடீஸ்வரர் எதிர்கொண்டு அழைக்க, செய்யாற்றில் தீர்த்தவாரி நடக்கும். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஆற்று மணலில் பந்தக்கால் நடுவார்கள், பொரிக்கடை, வளையல் கடை, ராட்டினம் எல்லாம் வந்து இறங்கும். எங்கள் வண்டல் திட்டின் மேல்தான் முதல் கடை. இறுகின மண் அல்லவா, கால் புதையாது. சாமி வருவதால் வாயைத் திறக்க முடியாது. ராட்டினத்துக்காரரை மனசுக்குள் வைதுகொண்டு கரையில் உட்கார்ந்திருப்போம்.

1987-இல் ரதசப்தமி வந்த அதே வாரம் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு முதல் டெஸ்ட். இம்ரான் கான் 135 எடுத்து அவுட் ஆகாமல் நின்றார், அவர்கள் 487. இங்கே மாமாவுக்கு ஆற்றங்கரையில் விளக்குப் போடும் வேலை. கம்பத்துக்குக் கம்பம் ஏறி லைன் இழுத்துக்கொண்டிருக்கிறார். டிரான்சிஸ்டரை என் தோளில் மாட்டிவிட்டு, "கம்பத்தடியிலயே நில்லு. வேற எவங்கிட்டயும் குடுக்காத" என்று உத்தரவு. மேலே வேலை செய்யும்போது ரேடியோ கேட்கக் கூடாது என்பது அவராக வைத்துக்கொண்ட சட்டம். கவனம் சிதறும் என்பார். ஆனால் ஸ்கோரை மட்டும் நான் கீழிருந்து கத்தலாம், அதற்கு அனுமதி உண்டு. ராட்டினக்காரர்களின் சுத்தியல் சத்தம், நாதஸ்வரம் ஒத்திகை, பொரி உருண்டைக்கு வெல்லம் காய்ச்சும் வாசனை, இவற்றுக்கு நடுவே நான் கத்துகிறேன். "மாமா, அம்பது!" மேலிருந்து பதில் இல்லை. "மாமா, எம்பத்தி நாலு!" பெல்ட்டைச் சரி செய்வது மட்டும் தெரிகிறது. "மாமா, நூறு! ஸ்ரீகாந்த் நூறு!" என்றபோது அவர் கட்டிங் பிளேயரால் இரும்புக் கம்பத்தில் டண் டண் டண் என்று அடித்தார். பூஜைக்கு மணி அடிக்கிறார்கள் என்று நினைத்து ஒரு கிழவி கம்பத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த ஆட்டத்தில் ஸ்ரீகாந்த் எடுத்த 123-தான் டெஸ்ட்டில் அவருடைய அதிகபட்ச ஸ்கோர். கவாஸ்கரோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 200. அதுவே அவருடைய கடைசி டெஸ்ட் சதமும்கூட என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க முடியாது. அவருக்கு அப்போது 27 வயது.

அந்த வருஷம் அக்டோபர் 9-ஆம் தேதியை எங்களூர் ஒரு டி.வி. முன்னால் கழித்தது. தெருவிலேயே ஒரு வீட்டில்தான் பெட்டி. பனை உயரத்துக்கு ஆண்டெனா. உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் ஆட்டம், சேப்பாக்கத்தில், எதிரே ஆஸ்திரேலியா. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்து எல்லைக்கோட்டில் விழுந்ததா, தாண்டி விழுந்ததா என்று தகராறு. முதலில் நான்கு என்றார்கள். இடைவேளையில் ஆஸ்திரேலியர்கள் கேட்க, கபில்தேவும் சரி என்று ஒப்புக்கொள்ள, ஆறாக மாறியது. 268 என்பது 270 ஆயிற்று. ஸ்ரீகாந்த் 70, சித்து வந்து சிக்ஸர் சிக்ஸராக 73. இரண்டு விக்கெட்டுக்கு 207 என்று இருந்த இந்தியா 269-க்கு அவுட். ஒரு ரன்னில் தோல்வி. கபிலை அன்று எங்கள் தெரு திட்டிய திட்டு கொஞ்சமல்ல. "எவன் கேட்டான் இவனை, தர்மராஜா!" என்று வீட்டுக்காரரே டி.வி.யை மூடி மேலே துணியைப் போட்டுவிட்டார். மாமா மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே, "சிக்ஸுன்னா சிக்ஸுதான்பா. கோட்டுக்கு அந்தாண்ட வுழுந்ததை இந்தாண்டன்னு சொல்லமுடியுமா" என்றார். அப்போது எனக்கு அவர்மேல் கோபம். அந்த 70-ஐ வாழ்த்தக்கூட அன்று யாரும் இல்லை.

1988 டிசம்பரில் ஒரு வேடிக்கை. நியூசிலாந்தோடு விசாகப்பட்டினத்தில் ஸ்ரீகாந்த் 70 அடித்ததோடு, பந்தும் வீசி 27 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். அடுத்து இந்தூரிலும் ஐந்து. ஆற்றில் அதுவரை பந்து வீசவே மாட்டேன் என்று மட்டை பிடிக்கிற காஜிக்கு மட்டும் வரிசையில் நின்ற எங்கள் கட்சி ஆட்கள், அந்த டிசம்பரில் எல்லோரும் ஆஃப் ஸ்பின்னர் ஆனோம்.

1989 எனக்குப் பத்தாம் வகுப்பு. செப்டம்பர் கடைசியில் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்துத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று அறிவித்தார்கள். கலெக்டர் ஆபீசுக்கு இனி வேலூர் வரை போகவேண்டாம் என்று ஊரில் வெடி. ஸ்ரீகாந்த் கேப்டன் என்று செய்தி வந்தபோதும் வெடி, இது சைக்கிள் கடை வாசலில், எங்கள் செலவில். பாகிஸ்தான் பயணம். நவம்பர் 15, கராச்சி. பதினாறு வயது டெண்டுல்கர் முதல் டெஸ்ட் ஆடியது ஸ்ரீகாந்தின் தலைமையில்தான். பெஷாவரில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் அந்தப் பையன் அப்துல் காதிரைச் சிக்ஸர்களாக அடித்தபோது எதிர்முனையில் நின்று பார்த்தவர் இவர். இம்ரான், அக்ரம், வக்கார் இருந்த அணியோடு அவர்கள் ஊரிலேயே நான்கு டெஸ்ட்டும் டிரா. இன்றைக்குச் சொன்னால் அது பெரிய காரியம். ஆனால் இவர் மட்டையில் ரன் வரவில்லை. ஏழு இன்னிங்ஸிலும் சேர்த்து நூறு ரன்கூட இல்லை. திரும்பி வந்ததும் கேப்டன் பதவி போயிற்று, அணியில் இடமும் போயிற்று.

மாமா அன்று சொன்னது ஒன்றே ஒன்றுதான். "டிரான்ஸ்பார்மரை மாத்தறது சரி. லைனையே ஏன்டா புடுங்கறீங்க?"

பிறகு 1991-92 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு மறுபடி கூப்பிட்டார்கள். பெர்த் டெஸ்ட்டில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து கேட்ச் பிடித்து உலக சாதனையைச் சமன் செய்தார். மட்டையாளனாக நாங்கள் வளர்த்த மனிதர் கடைசி டெஸ்ட்டில் கேட்சுக்காகச் செய்தியில் வந்தார். 1992 உலகக் கோப்பையோடு முடிந்தது. அப்போது நான் ஊரைவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்ப இருந்தேன். ஆற்றில் எங்கள் திட்டை அடுத்த செட்டுப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எல்லோரும் டெண்டுல்கர் கட்சி. கரும்புக் கொல்லைச் சட்டத்தை மட்டும் மாற்றவில்லை.

ஸ்ரீகாந்துக்கு டெஸ்ட்டில் 43 ஆட்டம், 2062 ரன், சராசரி 29.88. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்னிடம் வாதம் செய்தவர்கள் நிறைய. அதே ஆட்டத்தை ஆடிய சேவாக்கின் சராசரி 49-க்கு மேல் இல்லையா என்பார்கள். உண்மைதான். சேவாக் பெரிய மட்டையாளர், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் சேவாக் அடித்தபோது அடிப்பதுதான் அவர் வேலை என்று அணியே ஏற்றுக்கொண்டிருந்தது. ஸ்ரீகாந்த் அடித்தபோது ஒவ்வொரு முறை அவுட் ஆகும்போதும் நாடே தலையில் அடித்துக்கொண்டது. ஒருநாள் ஆட்டம் என்றாலும் முதல் பதினைந்து ஓவரில் விக்கெட்டைக் காத்துக்கொண்டு நிற்பதுதான் ஓப்பனருக்கு லட்சணம் என்று நம்பிய காலம். 1975 உலகக் கோப்பையில் கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 174 பந்தில் 36 எடுத்த தேசம் இது. முன்னோடிகள் இல்லாமல் இல்லை. முஷ்டாக் அலி இருந்தார், 1967-இல் இதே சேப்பாக்கத்தில் மதிய இடைவேளைக்கு முன் 94 அடித்த ஃபரூக் இன்ஜினியர் இருந்தார். ஆனால் ஒருநாள் ஆட்டத்தின் முதல் ஓவரிலேயே கை ஓங்குவதைப் பத்து வருஷம் விடாமல் ஒரு வேலையாகச் செய்தவர் ஸ்ரீகாந்த். 1996-இல் ஜெயசூர்யாவும் களுவிதாரணவும் அதைச் செய்தபோது உலகம் புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி பேசியது. எங்கள் ஊர்க் கரும்புக் கொல்லைக்கு அது பத்து வருஷம் முன்பே தெரியும்.

சராசரி என்பது சேர்த்து வைப்பவர்கள் எழுதும் கணக்கு. மணிலாக் கொட்டையை மரக்காலில் அளந்து, பந்து தொலைந்தால் வீட்டில் அடி வாங்கி வளர்ந்த எங்களுக்கு அந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் செலவாளியின் பக்கம் நின்றோம்.

செலவாளி வெறுங்கையோடும் போகவில்லை. 146 ஒருநாள் ஆட்டத்தில் 4091 ரன். 1992 மார்ச்சில் அவர் மட்டையைக் கீழே வைத்தபோது, ஒருநாள் ஆட்டத்தில் அதைவிட அதிக ரன் எடுத்த இந்தியர் ஒருவரும் இல்லை.